உங்கள் தங்கை அடுப்பை அணைத்துவிட்டாள்

ஈப்போ,
வெள்ளிக்கிழமை, மத்தியானம்.

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மச்சான் குழந்தைவேலு அவர்களுக்கு,

ஈப்போவிலிருந்து உங்கள் மாப்பிள்ளை தெய்வசிகாமணி பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்களும் பத்மினி அக்காவும் கிள்ளானில் நல்ல சுகத்தோடும், அதைவிட முக்கியமாக வீட்டுச் சாப்பாட்டோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சௌகரியமாக இருக்கிறோம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் நான் ரயிலில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன், எழுத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆகவே, இருக்கிறோம்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் சொல்ல முடியாத விஷயம், அவ்வளவுதான். வீட்டிலிருந்து பேசினால் சௌந்தரம் காதில் விழும். வெளியே போய்ப் பேசலாம் என்றால், இப்போதெல்லாம் வெளியிலும் அவள் என்னோடுதான் இருக்கிறாள். குரல் பதிவு அனுப்பினால் நீங்கள் அதைச் சத்தமாகப் போட்டு உங்கள் தெருவுக்கே கேட்க வைப்பீர்கள். குடும்பக் குழுவில் எழுதலாம் என்றால், அந்தக் குழுவை நடத்துவதே உங்கள் தங்கைதான். அதனால்தான் தாளும் பேனாவும்.

விஷயம் இதுதான். உங்கள் தங்கை சமையலை நிறுத்திவிட்டாள். குறைத்துக்கொண்டாள் என்று எழுதவில்லை மச்சான், நிறுத்திவிட்டாள். ஊரெல்லாம் சுற்றிய காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும், பத்மினி அக்காதான் விடாமல் போன் போட்டு விசாரித்தார்கள். நான் முதலில் எழுந்துவிட்டேன், அவளுக்குக் கொஞ்சம் இழுத்தது. எழுந்து நடமாடத் தொடங்கியதும் பழையபடி சமையலறைக்குப் போனாள். ஒரு நாள் சாம்பாரில் உப்பு, லுமுட் கடலையே மொண்டு ஊற்றியது போல. மறுநாள் ரசத்தில் உப்பே இல்லை. நான் மனுஷன்தானே, வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன சௌந்தரம், நேத்து ஓவர்டைம் பாத்த உப்புக்கு இன்னிக்கு லீவா?” என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன். மற்ற நாளாக இருந்தால் அவள் கொடுக்கிற பதிலில் நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கோ அவள் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் கரண்டியைப் பார்த்தாள். அன்று சாயங்காலம் கேஸ் தோம்பின் வால்வை மூடினாள். அடுப்பைப் பளிச்சென்று துடைத்து, ஊருக்குப் போகும்போது செய்வது போல மேலே ஒரு துணியை விரித்தாள். “நாளையிலேருந்து வெளியவே சாப்பிட்டுக்கலாங்க” என்றாள். ஏதோ இரண்டு நாள் கோபம் என்று நினைத்தேன். இப்போது அந்தத் துணியின் மேல் ஒரு பூச்சட்டி வைத்திருக்கிறாள், அதுவும் நன்றாகத் தழைத்துக்கொண்டிருக்கிறது.

சமாதானம் செய்து பார்க்காமல் இல்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன், இரண்டு முறையும் கொட்டாவிதான் வந்தது. மனம் குளிரட்டும் என்று புதிதாக ஒரு அரிசிக் குக்கர் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன். சமையலை விட்ட பெண்பிள்ளைக்குக் குக்கர் வாங்கிக் கொடுத்தவன் இந்தப் பேராக் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அதை வாசல் பக்கம் வைத்து, மேலே செருப்புத் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்தாள்.

மச்சான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. சமைக்கப் பிடிக்கவில்லை என்றால் போகட்டும், ஆயுசு முழுக்க அவளே அடுப்படியில் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. என்னைப் பிடிக்காமல் போய்விட்டதோ என்பதுதான் பயம். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காலையில் அந்தச் சட்டி பானைச் சத்தம் கேட்டால்தான் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது எனக்குத் தெரியும். இப்போது விழித்துப் படுத்துக் கிடக்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால் சேலை கட்டி, கைப்பையோடு, கடைக்குப் போகத் தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கப் போகிறவள் மாதிரி.

கடைகளில் நான் பட்டதைச் சொல்கிறேன், கேளுங்கள். முதல் நாள் பழைய டவுனில் ஒரு சீனர் காப்பிக்கடைக்குக் கூட்டிப்போனாள். வேலையில் இருந்த காலம் முழுக்க அவள் கட்டிக்கொடுத்த சோற்றை ரயிலில் உட்கார்ந்து தின்றவன் நான். காப்பிக்கடைக்குப் போனால் பால் விடாத ஒரு கோப்பி ஓ, அதோடு சரி. காலை நேரத்தில் தனி மேசை கிடைக்காது, யார் மேசையிலாவது ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பது தெரியும். கோப்பிக்கு ஒரு முதலாளி, மூலைக்கு மூலை நிற்கும் தள்ளுவண்டிகளுக்குத் தனித்தனி முதலாளி என்பதும் தெரியும். வந்து இறங்குகிற தட்டு யாருடையது என்பதுதான் தெரியாது. அவள் ரொட்டி சொல்லப் போயிருந்தாள். ஆவி பறக்க ஒரு கிண்ணம் கறி மீ என் முன்னால் வந்து உட்கார்ந்தது. எனக்காகத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள், கோபம் தணிந்துவிட்டது என்று மனசெல்லாம் குளிர்ந்து, வேகவேகமாகச் சாப்பிட்டேன். பாதிக் கிண்ணம் போனபோது எதிர் நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர் பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார்.

“அது என்னோடது,” என்றார் மலாயில்.

நூடுல்ஸ் வாயிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இழுப்பதா, துண்டிப்பதா என்று தெரியாமல் எழுந்து நின்றேன்.

“உக்காரு லா. பாதி போயிடுச்சு, மீதிய வச்சு நான் என்ன பண்றது? பேப்பர் வாங்கப் போனது என் தப்பு. காரம் எப்படி, சரியா இருக்கா?”

ரொட்டித் தட்டோடு வந்த சௌந்தரம் நடந்ததைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டாள். “அவர்கிட்ட கேக்காதீங்க அங்கள். கேட்டா பரவாயில்லம்பாரு.”

“பரவாயில்ல,” என்று நானும் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம். பெரியவர் சிரித்தார். அவர் பெயர் ஃபூங். இப்போதும் அதே மேசையில்தான் உட்காருகிறார், ஆனால் என்னைக் கண்டவுடன் பத்திரிகையை விரித்துத் தன் கிண்ணத்தை மூடிக்கொள்கிறார்.

இன்னொன்று சொன்னால் சிரிக்கக் கூடாது. சௌந்தரம் சாப்பிடுவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வீட்டில் எனக்குப் போட்டுவிட்டு, நான் கை கழுவிய பிறகுதான் அவள் உட்காருவாள். அதற்குள் நான் செய்தி பார்க்கப் போயிருப்பேன். கல்யாண வீட்டில் யாராவது ஒரு சொந்தக்காரியைப் பிடித்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவாள். கடையில் எதிரெதிராக உட்கார்ந்தால் வேறு எங்கே பார்ப்பது? கை வைப்பதற்கு முன் வளையல்களை மேலே ஏற்றிக்கொள்கிறாள். முதல் வாயை வைத்ததும் கண்ணை மூடுகிறாள். சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது அந்த முகம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு, இந்த முகத்தைக் காப்பிக்கடையில் வைத்துத்தானா பார்க்க வேண்டும் என்று எனக்கு என்னவோ போல் இருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, “எப்படி இருக்கு?” என்று என்னைக் கேட்கிறாள்.

இந்தக் கேள்வி எவ்வளவு ஆபத்தானது என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் கல்யாணம் ஆனவர். நன்றாக இருக்கிறது என்றால், “அப்ப இங்கயே சாப்பிடுங்க, நான் எதுக்கு?” என்று வரும். நன்றாக இல்லை என்றால், “நான் ஆக்கிப் போட்டதை மட்டும் நல்லா இருக்குன்னு என்னிக்காவது சொன்னீங்களா?” என்று வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஆகவே “பரவாயில்ல” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொள்கிறேன். அவளும் விடுவதாக இல்லை. “இஞ்சி தெரியுதா?” “தேங்காப்பால் தூக்கலா?” “சட்டியில கருகின வாசம் வருதா?” என்று அடுக்குகிறாள். டிக்கெட் இல்லாதவர்களிடம் நான் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அதிகம் பேசுகிறவன்தான் மாட்டிக்கொள்வான். எல்லாவற்றுக்கும் “பரவாயில்ல”, “இருக்கு”, “ம்”. இதில்தான் என் வண்டி ஓடுகிறது.

சரி, நல்ல சாப்பாடாகவாவது சாப்பிடுகிறாளா என்றால் அதுவும் இல்லை. அவித்த கோழிக்கும் முளைப்பயறுக்கும் பேர்போன கடைக்குப் போனோம். வரிசையில் நின்று கால் கடுத்து, மேசை கிடைத்து, கோழி வந்தால், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் என் பக்கம் தள்ளிவிட்டு முளைப்பயறை மட்டும் நறுக் நறுக்கென்று மென்றாள்.

“கோழி திங்க வந்துட்டு ஆடு மாதிரி தழை திங்கறியே?”

“கடிச்சா சத்தம் வருதுல்ல, அது போதும் எனக்கு.”

அது போதுமாம். அன்றிலிருந்து சத்தம் வருகிற சாமானாகத் தேடித் தேடி வாங்குகிறாள். வறுத்த நிலக்கடலை, பொரித்த அப்பளம், ஐஸ்கட்டி, மீன் அரைத்துப் பொரித்த கெரோப்போக். என் பற்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும், மேல் வரிசை சொந்தம் இல்லை. தெருவோர ஒட்டுக்கடையில் ஒரு கெரோப்போக்கை அவள் நீட்ட, மறுக்க முடியாமல் நான் கடிக்க, மேல் வரிசை அப்படியே கழன்று தே தாரிக் டீயில் விழுந்தது. கடைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, “வேற தே போடவா அங்கள், இல்ல இதுவே ஊறட்டுமா?” என்று கேட்கிறான். பக்கத்து மேசையில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிவிட்டது. உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல் போனாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

ஆனால் வாழையிலைக் கடையில் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. நம் ஆட்கள் தெருவில் இருக்கிற கடைதான். கடைக்கார அம்மா நமக்கு நன்றாகத் தெரிந்தவர், கோயிலில் பார்த்துப் பேசுகிறவர். நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறினார். சௌந்தரம் அப்பளத்தையும் பாகற்காய் வறுவலையும் தின்றுவிட்டு, மீன் குழம்பு ஊற்றிய சோற்றை அப்படியே வைத்துவிட்டு, ஏதோ யோசனையில் இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டாள். சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி! கடைக்கார அம்மா ரச வாளியோடு ஓடி வந்தார்.

“என்னக்கா இது, என் கடையில உக்காந்துகிட்டு இலைய இப்படி மடிக்கிறீங்க? மீனு நல்லா இல்லன்னா வாயால சொல்லுங்க. அதுக்காக இப்படியா?”

சௌந்தரத்தின் முகம் சுண்டிப்போயிற்று. இலையைத் திருப்பி மடித்தாள். “மீன் எப்படி இருந்துச்சுன்னு இவரைக் கேளும்மா. இவரு சொல்லட்டும்,” என்றாள்.

கடை முழுக்க என்னைப் பார்த்தது. நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கடையில் இரண்டாவது தடவை ரசம் வருவதில்லை. அதோடு போகவில்லை. பக்கத்து மேசையில் கோயில் கமிட்டி ஆள் ஒருவர் மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனால், செருப்பு விடும் இடத்திலேயே என்னைத் தோளில் தட்டி, “வீட்ல சரியில்லன்னு கேள்விப்பட்டேன் அண்ணே. நம்ம கமிட்டியில குடும்பம் ஒத்துமையா இருக்கறதுக்கு ஒரு வகுப்பு நடத்துறோம், பேரு குடுக்கறீங்களா?” என்று கேட்டார். புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கான வகுப்பாம்.

கடைசியாக மேசைக் காவல். சாயங்காலத்தில் திறந்தவெளிக் கடைகளுக்குப் போனால் ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஒருவர் போய்ச் சாப்பாடு சொல்ல வேண்டும். எந்தக் கடையில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாததால் எனக்குக் காவல் வேலை. ஒரு மலாய்த் தம்பதி வந்து, “இங்க உக்காரலாமா பக்சிக்?” என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டார்கள். வாங்க என்றேன். அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள் வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பின்னால் ஒரு தம்பி வந்தார். தட்டுகளோடு சௌந்தரம் வந்தபோது நான் நின்றுகொண்டிருந்தேன்.

“மேசை எங்க?”

“இங்கதான் இருந்துச்சு.”

அவர்களே நகர்ந்து இடம் கொடுத்தார்கள். தட்டு காலியாவதற்குள் அந்தப் பெண்ணின் மாமியார் கதை, வீட்டுக் கூரை ஒழுகுகிற கதை எல்லாம் உங்கள் தங்கைக்குத் தெரிந்துவிட்டது. இவளும் கைகளை ஆட்டி ஆட்டி எதையெதையோ சொல்கிறாள். யாரோ ஒரு பெண்ணிடம் வருகிற பேச்சு, என் எதிரே உட்கார்ந்தால் “எப்படி இருக்கு?” என்ற ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இடத்தில்தான் மச்சான் எனக்கு வலிக்கிறது. அந்த மேசையில் நான்தான் முன்பின் தெரியாத ஆள் போல உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்களும் பத்மினி அக்காவும் ஒரு நடை வர வேண்டும். கல்லுமலைக் கோயிலுக்கு வந்தது போல வாருங்கள், நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். பிறந்ததிலிருந்து அவள் உங்கள் பேச்சுக்கு மட்டும்தான் கட்டுப்படுவாள். பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை மறுபடியும் சமையலறைக்கு அனுப்பிவைக்க வேண்டும். உப்பைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று எழுதி வேண்டுமானாலும் தருகிறேன். குறைந்தபட்சம் அந்தப் பூச்சட்டியையாவது இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

பத்மினி அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு, நன்றாகப் படிக்கச் சொல்லவும். கல்லுமலை முருகன் உங்கள் வீட்டு அடுப்பு என்றும் எரிந்துகொண்டிருக்க அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
கடையில் சாப்பிட்டு உயிர் வாழும் உங்கள் மாப்பிள்ளை
ந. தெய்வசிகாமணி

பின்குறிப்பு: மேலே உள்ளதை நேற்று எழுதி ஒட்டிவிட்டேன். இன்று சனிக்கிழமை. உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். ஒட்டிய இடம் கிழிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

தபாலில் போடக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். அதற்கு முன் பசியாறிவிடலாம் என்று சூப்பு நூடுல்ஸுக்குப் பேர்போன ஒரு கடைக்கு அழைத்துப்போனாள். அங்கே நாமே போய்க் கிண்ணத்தை வாங்கி வர வேண்டும். இந்தத் தடவை அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள், நான் போனேன். இரண்டு கிண்ணங்களையும் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது எங்கள் மேசையில் காய்கறிக் கூடையோடு ஒரு சீன அம்மா உட்கார்ந்திருந்தார். இருவரும் மலாயில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு முன்னால் ஒரு பெரிய தூண். தூணுக்கு இந்தப் பக்கம் நான்.

“கூட்டத்தப் பாத்தியா? எல்லாம் இந்த சூப்புக்கு வர்றவங்கதான். ஒரு சொட்டு விடாம குடி,” என்றார் அந்த அம்மா.

“குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன. எனக்கு வெந்நீர் மாதிரிதான் இருக்கும்,” என்றாள் சௌந்தரம். “காய்ச்சல் வந்து போனதுலேருந்து வாசமும் தெரியல, ருசியும் தெரியல.”

“ஐயோ. வீட்டுக்காரர்கிட்ட சொன்னியா?”

“தானா சரியாயிடும்னு இருந்தேன். ஒரு நாளு சாம்பார்ல உப்ப அள்ளிக் கொட்டிட்டேன். இவரு கேலி பண்ணாரு. அப்பதான் பயம் வந்துச்சு. எனக்கு நல்லா வர்றது சமையல் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னு எப்படி வாயத் தொறந்து சொல்றது? இவரு மூஞ்சியப் பாத்து உப்பு போடலாம்னு பாத்தா, அதுலயும் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

“அப்புறம் கடைக்கு வந்து மட்டும் என்ன பண்ற?”

“இதெல்லாம் சின்ன வயசுல எங்க அண்ணன் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டு வந்த கடைங்க. ஒவ்வொண்ணும் எப்படி இருக்கும்னு அப்ப தெரியும். யாராவது பக்கத்துல உக்காந்து, இஞ்சி தெரியுது, புளி தூக்கல்னு வாயால சொன்னா, எனக்கு அது உள்ள வந்துடும்னு தோணுது. அதுக்குத்தான் இவரைக் கூட்டிட்டு வர்றேன். இவரு பரவாயில்லங்கறாரு. நீயே சொல்லு, பரவாயில்லங்கறது இனிப்பா, புளிப்பா?”

மச்சான், கிண்ணம் இரண்டும் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தன. நகர முடியவில்லை. அந்த அம்மா தன் மருமகனுக்கும் ருசி இப்படித்தான் போய், நாளாகித் திரும்பி வந்ததாகச் சொன்னார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தூணைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார், போய்விட்டார்.

நான் போய் உட்கார்ந்தேன். அவள் கேட்பதற்கு முன்னால் ஒரு கரண்டி குடித்தேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன். “முதல்ல இறால் வாசம் வருது. ஓட்டோட எண்ணெயில வதக்கியிருப்பான் போல. அப்புறம் ஒரு இனிப்பு. சீனி இனிப்பு இல்ல, எலும்பு வெந்த இனிப்பு. நூடுல்ஸ்ல ருசியே இல்ல, சும்மா வழுக்கிட்டு உள்ள போகுது. வெங்காயத்தாள் பச்சையா இருக்கு. மிளகு... மிளகு கடைசியிலதான் வருது, தொண்டைகிட்ட.”

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“எவ்வளவு நேரமா அங்க நின்னீங்க?”

“சூப்பு ஆறுற வரைக்கும்.”

தெருப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிஷ்யூ தாளால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில், உங்களிடம் சொல்வதற்கென்ன, சந்தோஷமாகவும் இருந்தது, என்னைப் பிடிக்காமல் போகவில்லை. பிறகு தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்.

“எலும்பு இனிப்புன்னா, கோழி எலும்பா?”

“கோழிதான். இறால் தலையும் சேந்திருக்கு.”

“சரி. இன்னும் சொல்லுங்க,” என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சொன்னேன். கிண்ணம் காலியாகும்வரை சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் நான் ஏதோ சாமியாடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறோம். ருசி திரும்பி வந்தால் வரட்டும், வராவிட்டாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போட்டால், நான் முதலிலிருந்தே எல்லாம் தெரிந்தவன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். அது எனக்கு வேண்டாம். அவளுக்குப் புத்தி சொல்ல நீங்கள் வர வேண்டாம். பூச்சட்டி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் வாருங்கள் மச்சான், சீக்கிரம் வாருங்கள். எனக்குத் தெரிந்த காரம், புளிப்பு, உப்பு, இனிப்பு எல்லாம் இன்று காலையிலேயே தீர்ந்துவிட்டன. அடுத்த சனிக்கிழமை மீன் தலைக் கறி சாப்பிடப் போகலாம் என்கிறாள். அதை எந்தக் கடையில், எப்படி அவளுக்கு ஊட்டினீர்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். நல்ல பசியோடு வாருங்கள், வாய் நிறைய வார்த்தையோடு வாருங்கள்.